அடித்துவிட்ட ஐந்து வரிகள்

1. கூட்டம்

அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். தாவரவியல் பேராசிரியர் வரதாச்சாரி சார், ஆபீஸ் சூப்பிரண்டு சுப்பையா பிள்ளை, ஹாஸ்டல் வார்டன் அருளப்பன் சார், மூலையில் டைப்ரைட்டரோடு நான். இருந்திருக்க வேண்டியவர் மாநாட்டுச் செயலாளர் ஃபாதர் லூர்துசாமி. அவர் இல்லை. வெளிநாட்டு விஞ்ஞானிகள் வருவதற்கான அனுமதி விஷயமாக மெட்ராஸ் போய், அங்கிருந்து டெல்லிக்கும் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதும் அவசியமே எனக்கு வந்திருக்காது.

எங்கள் காலேஜில் இன்னொரு மாநாடு நடக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அப்போது என் மேஜையில் உட்காரப் போகிறவருக்காக இதை எழுதுகிறேன்.

நான் அப்போது டெம்பரரி டைப்பிஸ்ட். ஊர் மருங்காபுரிக்குப் பக்கம். அப்பா பிறத்தியார் காட்டில் கூலி வேலை செய்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். உலகத்தின் பல மூலைகளிலிருந்து நீர்ப்பாசியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் திருச்சியில் கூடப் போகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. "கெணத்துப் படியில வழுக்கிவிடுமே, அந்தப் பாசியா? அதைப் பாக்கவா ப்ளேன் ஏறி வர்றாங்க?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். ஆனால் டைப் அடிக்கிறவன் கேள்வி கேட்கக்கூடாது என்று இருந்தேன்.

ஃபாதர் ஊருக்குப் போகுமுன் ஒரு பக்கம் கைப்பட எழுதி வைத்துவிட்டுப் போனார். வருகிறவர்களுக்கான பயணத் தகவல். எழும்பூரில் எந்த வண்டி ஏற வேண்டும், திருச்சியில் ஜங்ஷன், டவுன், கோட்டை என்று பல ஸ்டேஷன் இருப்பதால் எதில் இறங்க வேண்டும், பணம் எங்கே மாற்றலாம், கரண்ட் எத்தனை வோல்ட், மார்கழியில் மழை உண்டா என்பதெல்லாம் அதில் இருந்தது. நான் வரி வரியாகப் படிக்க, கமிட்டி சரி சொல்ல, ஸ்டென்சில் வெட்டி சைக்ளோஸ்டைல் செய்து ஏர்மெயிலில் அனுப்ப வேண்டும். அதுதான் ஏற்பாடு.

"ரயிலில் படுக்கை தரமாட்டார்கள். மெத்தை, போர்வை கையோடு கொண்டு வரவும்" என்று படித்தேன்.

சுப்பையா பிள்ளை கையைத் தூக்கினார். நெற்றி நிறையத் திருநீறும், யார் வந்தாலும் எழுந்து நிற்கிற பழக்கமும் உள்ள மனிதர் அவர். "நம்ம வீட்டுக்கு வர்றவங்களைப் பார்த்து, வரும்போது பாய் தலகாணி எடுத்துக்கிட்டு வாங்கன்னு எழுதுவோமா தம்பி? அடிங்க அதை."

அடித்தேன். அடுத்தது, ஹாஸ்டல் கக்கூஸ் நம் நாட்டு முறைப்படி இருக்கும் என்ற வரி. அருளப்பன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. இதையெல்லாம் எழுதி உலகம் பூரா அனுப்புவதா என்றார். அதுவும் போயிற்று. இந்த ராஜ்யத்தில் மதுவிலக்கு, பெர்மிட் இல்லாமல் பாட்டில் கொண்டு வரக்கூடாது என்பது மூன்றாவது. வருகிறவர்களைக் குடிகாரர்கள் என்று சொல்வதுபோல் இருக்கிறது என்று அதையும் எடுத்தார்கள். நான்காவது, கொதிக்க வைத்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்க வேண்டாம் என்பது. சுப்பையா பிள்ளைக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. காவிரித் தண்ணீரைக் குடிக்காதே என்று காவிரிக்கரைக்காரனே எழுதிக் கொடுப்பதா என்று கேட்டார். அந்த வரியும் போயிற்று. எனக்கும் அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தாவது வரி: "ஹிந்துக்கள் அல்லாதவர்களுக்குக் கோயில்களின் உள்ளே அனுமதி இல்லை."

எல்லாரும் வரதாச்சாரி சாரைப் பார்த்தோம். அவர் ஸ்ரீரங்கத்துக்காரர், ஆசாரமான குடும்பம். ஸ்ரீரங்கத்தைத் தாண்டி, கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் உள்ளே ஒரு குளம். அந்தக் குளத்தில் பச்சை உருண்டையாக மிதக்கிற பாசி ஒன்றை அவர்தான் முதலில் கவனித்துப் படம் வரைந்து வெளிநாட்டுக்கு அனுப்பினார். நார்வே நாட்டில் டாக்டர் ஹெல்கா என்ற அம்மாள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார். அன்றிலிருந்து வருஷக்கணக்காக இருவருக்கும் கடிதப் போக்குவரத்து. சார் மருந்தில் போட்டு அனுப்பிய பாசியெல்லாம் அங்கே போய்ச் சேரும்போது நிறம் போய், அசைவு போய், செத்த தோலாகத்தான் இருந்ததாம். ஜாடியில் உயிரோடு எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டி காலேஜுக்கு வருவதற்குள்ளேயே வெயிலில் துவண்டு அடியில் படிந்துவிடும் என்று சார் சொல்வார். அதை உயிரோடு, அதன் இடத்தில் பார்க்க வேண்டும் என்றுதான் அந்த அம்மாள் இவ்வளவு தூரம் வருகிறார். அவருக்கு எழுபது வயசு தாண்டிவிட்டது. இன்னொரு தடவை வருவதற்கு வாய்ப்பில்லை.

சார் என் கையிலிருந்த தாளை வாங்கி அந்த வரியைப் படித்தார். பிறகு, "அதையும் எடுத்துடுப்பா. வரட்டும். நேர்ல நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார்.

ஐந்து வரியும் போக மிச்சம் இருந்த தாள் மிக அழகாக இருந்தது. அன்றே தபாலில் சேர்த்தோம்.

2. பேப்பர் போர்த்திய அம்மாள்

மெட்ராஸ் வண்டி விடியற்காலையில் ஜங்ஷனுக்கு வந்தது. மாலையோடு நின்றோம். டெல்லியிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஃபாதர் லூர்துசாமியும் பெட்டியோடு நேரே எங்களிடம் வந்து சேர்ந்துகொண்டார்.

பதினோரு பேர் இறங்கினார்கள். நான் அதுவரை ஒரு வெள்ளைக்காரரோடு கூடப் பேசியதில்லை. எத்தனை நாட்டுக்காரர்கள், எத்தனை பாஷை. அவர்களுடைய நாடுகள் ஒன்றோடொன்று முறைத்துக்கொண்டு நிற்பதைப் பேப்பரில் படித்திருக்கிறேன். இங்கே ஒருவர் பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள், பாசிக்காக.

கடைசியாக இறங்கியவர் ஹெல்கா அம்மா. பின்பெயர் எங்களில் யார் வாயிலும் நுழையாததால் அப்படித்தான் கூப்பிட்டோம். ஆறடி உயரம், வெள்ளை முடி. நெஞ்சோடு ஒரு மரப்பெட்டியை அணைத்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய மைக்ராஸ்கோப் இருந்தது. போர்ட்டரிடம் கொடுக்கவே இல்லை. கோட்டுக்கு மேல் முந்தின நாள் இங்கிலீஷ் பேப்பரைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஜன்னல் பலகை மூடவில்லை, விழுப்புரம் பக்கம் மழைச் சாரல், வெறும் பெஞ்சில் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே வந்திருக்கிறார்.

"பனி நாட்டுக்காரங்களுக்கு நம்ம ஊர்க் குளிர் என்ன பண்ணிடும்?" என்று சுப்பையா பிள்ளை என் காதில் கேட்டார். அந்த அம்மாளின் பல் தந்தியடிப்பது எனக்குக் கேட்டது. பனி நாட்டில் யாரும் போர்வை இல்லாமல் படுப்பதில்லை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஃபாதர் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். படுக்கை எங்கே என்று கேட்டார். நான் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். மேலிருந்து கீழ் படித்தார். திருப்பிப் பார்த்தார்.

"ராசு, என் அஞ்சு வரி எங்கப்பா?"

சுப்பையா பிள்ளைதான் பதில் சொன்னார். "விருந்தாளிங்க மனசு நோகுமேன்னு எடுத்துட்டோம் ஃபாதர்."

"மனசு நோகலை பிள்ளைவாள். முதுகு நோகுது" என்றார் ஃபாதர்.

அன்று பகல் நாங்கள் ஓடிய ஓட்டம் கொஞ்சமல்ல. மெத்தையும் கம்பளியும் வாடகைக்குப் பிடித்தோம். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரிட்டயரான தச்சர் ஒருவர் வந்து, கக்கூஸில் போட்டு உட்கார்வதற்காகப் பரீட்சை ஹால் நாற்காலி பதினொன்றில் நடுவே வட்டமாக ஓட்டை போட்டுக் கொடுத்தார். அவற்றில் ஒன்று பிற்பாடு எப்படியோ பரீட்சை ஹாலுக்கே திரும்பிப் போய், ஒரு பையன் அதில் உட்கார்ந்து கணக்குப் பரீட்சை எழுதியது தனிக் கதை. கொதிநீருக்குத் தனி அடுப்பு மூட்டினோம். அதற்குள் இரண்டு பேர் காவிரித் தண்ணீரை ஆசையோடு குடித்துவிட்டு அந்த நாற்காலிகளுக்கு உடனடியாக வேலை வைத்தார்கள். பாட்டில் விஷயத்தில் மட்டும் தப்பித்தோம். ஃபாதர் முன்யோசனையாகப் பெர்மிட் வாங்கி வந்திருந்தார்.

ஹெல்கா அம்மாவுக்குச் சாயங்காலம் காய்ச்சல் வந்துவிட்டது.

3. சொல்லப் போனேன்

மாநாடு நடந்த நாட்கள் முழுக்க அவர் ஹாஸ்டல் அறையில் படுத்திருந்தார். நுரையீரலில் சளி, எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மற்றவர்கள் கீழே ஹாலில் பேசியதை நான் ஷார்ட்ஹாண்டில் எடுத்து, டைப் அடித்து அவர் அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். படுத்தபடியே படித்து, ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுவார். அதைக் கீழே கொண்டுபோனால், பேசியவர் பேச்சை நிறுத்திவிட்டு அதற்குப் பதில் சொல்வார். ஒரு தடவை ஜப்பான்காரர் ஒருவர் அந்தப் பென்சில் குறிப்பைப் படித்துவிட்டு, மாடி இருக்கும் திசையைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். அறிவுக்கு இப்படியும் ஒரு மரியாதை உண்டா என்று நான் வாய் பிளந்து நின்றேன்.

கடைசி நாள் காய்ச்சல் விட்டது. மறுநாள் மத்தியான வண்டியில் அவர்களுக்குப் பயணம். காலை ஒரு பொழுதுதான் கையில் இருந்தது. நாளைக் காலை குளத்துக்குப் போகலாம் என்று டாக்டரிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்று வரதாச்சாரி சாருக்கு ஹெல்கா அம்மா சீட்டு அனுப்பினார்.

சார் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றார். பக்குவமாகச் சொல்கிறேன் என்றவர், அத்தனை நாளில் மூன்று நான்கு முறை அந்த அம்மாளின் அறை வாசல் வரை போய், மழையைப் பற்றியும் காபியைப் பற்றியும் பேசிவிட்டுத் திரும்பியிருந்தார். "உலகத்தையே சுத்தி வந்தவாகிட்ட, இந்த ஒரு வாசப்படி மட்டும் தாண்டக்கூடாதுன்னு நான் எப்படிப்பா சொல்லுவேன்? எனக்கு நாக்கு எழலை. நீ போய்ச் சொல்லிடு" என்றார்.

நான் போனேன். மனப்பாடம் செய்துகொண்டு போன இங்கிலீஷ் வாக்கியம் வாசலிலேயே மறந்துவிட்டது. குளம் கோயிலுக்குள் இருக்கிறது, நீங்கள் உள்ளே வர முடியாது என்று மட்டும் சொன்னேன்.

ஹெல்கா அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, நீ போகலாமா என்று கேட்டார்.

போகலாம், ஆனால் போனதில்லை என்றேன். ஏன் என்று கேட்டார். அப்பாவின் காலத்தில் எங்கள் ஜனங்களை எந்தக் கோயிலுக்குள்ளும் விட்டதில்லை, பிறகு சட்டம் வந்தது, ஆனாலும் அப்பா இன்றுவரை தெருவில் நின்றே கும்பிடுகிறார், நானும் அவர் பக்கத்தில் நின்றே பழகிவிட்டேன் என்றேன். இதை அதற்குமுன் யாரிடமும் நான் சொன்னதில்லை. தமிழில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் அனுதாபமாக ஒன்றும் சொல்லவில்லை. வேறு கிருமி கலந்துவிடும் என்று, பாசி வளர்க்கிற தன் அறைக்குள் அவர்கள் ஊர் மந்திரியையே விட்டதில்லையாம், அவர் வெளியில் நின்று கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போனாராம். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அந்த ஜன்னல் கூட இல்லையே என்றார். பிறகு கேட்டார்:

"நான் எதுவரை வரலாம்? எங்கே நின்றால் யாருக்கும் சங்கடமில்லை? அந்த இடத்தைச் சொல். மைக்ராஸ்கோப்பை அங்கே வைத்துக்கொள்வோம்."

கதவுவரை வந்துவிட்ட என்னைக் கூப்பிட்டு, இதை முன்னாலேயே எழுதியிருந்தால் ஒரு மடக்கு மேஜை கொண்டு வந்திருப்பேனே என்றும் சொன்னார்.

4. வெளிச்சம் வந்தது

மறுநாள் காலை டாக்ஸியில் ஹெல்கா அம்மாவும் ஃபாதரும் வந்தார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜட்கா பிடித்து, மேஜை, நாற்காலி, மைக்ராஸ்கோப் பெட்டியோடு வரதாச்சாரி சாரும் நானும் போனோம். கோயில் மணியக்காரர், அதாவது கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவர், வாசலில் மேஜையைப் பார்த்ததும் குதித்தார். மார்கழி மாசம், காலையில் கூட்டம் வருகிற நேரம், வழியை மறித்துக் கடை போடுவதா என்று சாரைக் கேட்டார். சார் நயமாகப் பேசி, வாசலுக்கு வெளியே, இடது கைப் பக்கம் மேஜை போட அனுமதி வாங்கினார்.

சார் பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டார். பட்டு வலையை என் கையில் கொடுத்தார். "வாப்பா, வலை பிடிக்க ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் நிலைப்படிக்கு முன்னால் நின்றேன். சட்டம் மாறியது தெரியும். ஆனாலும் கால் எழவில்லை. உள்ளே சார் திரும்பி நின்று எனக்காகக் காத்திருந்தார். பின்னாலிருந்து மணியக்காரரின் குரல்தான் வந்தது.

"என்னப்பா, நடு வாசல்ல மரமாட்டம் நிக்கறே? போறதானா போ, வர்றவாளுக்கு வழியை விடு."

போனேன். அவ்வளவுதான் நடந்தது.

குளம் சின்னது. தண்ணீர் முழுக்க மெல்லிய பச்சை. சார் படியில் இறங்கி, வாயில் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தபடி வலையை இழுக்கச் சொன்னார். வலையில் வந்ததைக் குடத்துத் தண்ணீரில் அலசினோம். குடத்தை நான் சுமந்துகொண்டு வெளியே வந்தேன்.

ஹெல்கா அம்மா கண்ணாடித் தட்டில் துளி எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஆனால் வெளிச்சம் இல்லை. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருக்கிற சின்னக் கண்ணாடி வெயிலைப் பிடித்து மேலே அனுப்பினால்தான் ஏதாவது தெரியும். அன்று பார்த்துப் பனி மூட்டம். தென்னை உச்சிகூடத் தெரியவில்லை. குடத்தில் அதுபாட்டுக்கு உயிரோடு இருக்கிறது, ஜங்ஷனில் வண்டி நேரம் நெருங்குகிறது. ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். வரதாச்சாரி சார் கிழக்கே பார்த்துக் கைகூப்பினார். கோயிலுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். என்னவென்று கேட்டவர்களுக்கு, வெயிலுக்காக நிற்கிறோம் என்றேன். அவர்களும் நின்றார்கள். மணியக்காரர் மனசு கேட்காமல், "தீவட்டி வேணும்னா கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்றார்.

பனி விலகியது. முதலில் தென்னை ஓலை மஞ்சளாயிற்று, பிறகு சுவர், பிறகு மேஜை. ஹெல்கா அம்மா கண்ணாடியைத் திருப்பி, குனிந்தார்.

நிமிரவே இல்லை. வெகுநேரம் கழித்து அவர் பாஷையில் ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். எழுந்து, நாற்காலியை வரதாச்சாரி சாருக்குக் காட்டினார். சார் பார்த்துவிட்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

என்ன சொல்வேன்? பச்சை மணிகள், ஒவ்வொன்றும் முழு உருண்டை, வெளிச்சத்தில் மெல்ல மெல்ல உருண்டுகொண்டே போகின்றன. ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் சின்னச் சின்ன உருண்டைகள். அவையும் உள்ளேயே உருள்கின்றன. பெரியது ஒன்று பிளந்து, குட்டி வெளியே வந்து, தன்பாட்டுக்கு உருண்டு போயிற்று. இதைத்தான் அப்பா கால் வழுக்கும் என்று தேங்காய் நாரால் தேய்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் நான் இதற்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

எழுந்தபோது எனக்குப் பின்னால் வரிசை நின்றது. பூக்கூடைக்காரி, மடிசார் மாமிகள், பட்டர் ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஹெல்கா அம்மா யாரையும் விலக்கவில்லை. ஒவ்வொருவர் கண்ணுக்கும் தக்கபடி திருகைத் திருப்பிக் கொடுத்தார். மணியக்காரர் வரிசையில் நிற்காமல் முன்னால் வந்து பார்த்தார். நிமிர்ந்து சாரிடம் சொன்னார்: "ஓய், இத்தனை பேர் நம்ம குளத்துல குடியிருக்கா. ஒருத்தரும் வரி கட்டினதில்லையே."

மத்தியானம் ஜங்ஷனில் வண்டி கிளம்பும்போது ஹெல்கா அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் பெஞ்சில் மெத்தை, தலையணை, இரண்டு கம்பளியோடு படுக்கை போட்டிருந்தோம். ஜன்னல் பலகை மூடுகிறதா என்று சுப்பையா பிள்ளை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

அடுத்த மாதம் ஊருக்குப் போனபோது அப்பாவை மணப்பாறைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரு கோயில் வாசலில் அவர் வழக்கம்போல் தெருவிலேயே நின்றார். நான் உள்ளே போய், அன்று சார் நின்றதுபோல் திரும்பி நின்று காத்திருந்தேன். அவருக்குப் பின்னால் கோயிலுக்கு ஆள் வந்தது. அப்பா வழிவிடுவதற்காக உள்ளே வந்தார்.

5. கணக்கு

அடுத்து இந்த மேஜைக்கு வருகிறவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வருகிறவர்களுக்கு எது கிடைக்காது என்பதை முதலில் எழுதுங்கள். எங்கே போக முடியாது என்று எழுதினால், எங்கே நிற்கலாம் என்பதையும் கூடவே எழுதுங்கள். படித்துவிட்டு அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள். போர்வையை மடித்துப் பெட்டியில் வைப்பார்கள், அவ்வளவுதான். யாராவது ஒரு வரியை அடிக்கச் சொன்னால், அந்த வரியை நேரில் சொல்லப் போகிறவர் யார் என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாநாடு முடிந்த வாரம் ஃபாதர் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். அந்த ஐந்து வரி இல்லாததால் ஆன செலவுகளைத் தனியாக எடுத்து எழுதச் சொன்னார். சுப்பையா பிள்ளை தலை குனிந்தபடி படித்தார். மெத்தை, கம்பளி வாடகை எண்பத்து நாலு. தச்சருக்கு ஐம்பத்தைந்து. கொதிநீருக்கு விறகும் பாத்திரமும் முப்பத்தொன்றரை. டாக்டர், மருந்து நாற்பத்தேழு. டாக்ஸியும் ஜட்காவும் ஏழு.

"இதை எந்தத் தலைப்புல எழுதறது ஃபாதர்?" என்று கேட்டார். பட்ஜெட்டில் அதற்கு இடமே இல்லை.

ஃபாதர் என் பக்கம் திரும்பி, டைப் அடிக்கச் சொன்னார். அப்படியே அடித்தேன்.

மரியாதைச் செலவு: இருநூற்று இருபத்து நாலு ரூபாய், ஐம்பது நயா பைசா.